கேதம் கேட்கப் போக முடியவில்லை: என் இரக்கம் வற்றிவிட்டதா?

கேள்வி (காரைக்குடி வாசகி):
பதினான்கு மாதங்களுக்கு முன் கானாடுகாத்தான் விலக்கில் நேர்ந்த விபத்தில் என் கணவர் இறந்தார். அதே வண்டியில் பின்னால் அமர்ந்திருந்த நான் பிழைத்தேன். லாரியின் ஹாரன் கேட்டால் இன்றும் உடம்பு உதறுகிறது. பட்டவர்களுக்குத்தான் பிறர் வலி தெரியும், இனி உனக்குப் பக்குவம் வந்துவிடும் என்று கேதம் கேட்க வந்தவர்கள் பலரும் சொன்னார்கள். ஆனால் சென்ற வாரம் எதிர்வீட்டு ஆச்சியின் மகன் இறந்தபோது, தெருவைக் கடந்து அந்த முகப்பில் ஏற என்னால் முடியவில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு வளவிலேயே உட்கார்ந்திருந்தேன். துயரம் என் மனத்தைக் கல்லாக்கிவிட்டதோ என்று அஞ்சுகிறேன்.

பதில் 1 (தேவகோட்டை, வயது 71):
ஆத்தா, பதினெட்டு வயது மகனைப் பறிகொடுத்தவள் நான். மூன்று ஆண்டுகள் எந்தக் கேதத்துக்கும் போகவில்லை. இரக்கம் இல்லாமல் அல்ல. ஒப்பாரியின் முதல் குரலிலேயே என் பிள்ளையின் முகம் வந்து நின்றுவிடும். அந்த நாட்களில் என் நாத்தனார் பிற்பகல்தோறும் வந்து, பட்டாலையில் அமர்ந்து சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டுப் போவார். நானாக அவனைப் பற்றிப் பேசினால் கேட்பார், பேசாவிட்டால் எதுவும் கேட்க மாட்டார். கருமாதி முடிந்து, பந்தல் பிரித்து, உறவினர் ஊர் திரும்பிய பிறகுதான் வீடு வெறிச்சோடும். எதிர்வீட்டு ஆச்சிக்கு அப்போதுதான் ஆள் வேண்டியிருக்கும். இப்போது போகாததைக் குற்றமாக எண்ணாதே.

பதில் 2 (மனநல ஆலோசகர்):
ஹாரன் ஒலிக்கு உடம்பு உதறுவது, ஆபத்து இன்னும் தீரவில்லை என்று மூளை விடுக்கும் எச்சரிக்கை. மன உறுதியால் மட்டும் அதை அடக்கிவிட முடியாது. அந்த வீட்டை நீங்கள் தவிர்த்ததிலும் இந்த எச்சரிக்கையின் பங்கு இருக்கக்கூடும். துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு என்று பலர் சொல்வார்கள். 1969-இல் மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர் ராஸ் அவற்றை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதன் அடிப்படையில். ஏறி முடித்தால் ஞானம் கிடைக்கும் என்னும் ஏணியாக அவற்றைக் கொள்ள வேண்டாம். அதே வேளையில், துக்கம் 6 மாதங்களைக் கடந்தும், சமூக வழக்கத்தை மீறியும், அன்றாட வாழ்வை முடக்கினால், உலக சுகாதார நிறுவனம் அதைச் சிகிச்சைக்குரிய கோளாறாகவே வகைப்படுத்துகிறது. உங்கள் நிலை எதுவென்று நேரில் பேசாமல் சொல்ல இயலாது. அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-இல், எந்த நேரமும், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

கேட்டவர்:
தேவகோட்டை ஆச்சி, எதிர்வீட்டில் வெள்ளிக்கிழமை கருமாதி. அடுத்த வாரம் ஒரு பிற்பகலில் போய் வரலாம் என்று இருக்கிறேன். நேற்றிரவு 14416-இல் பேசினேன். விபத்தைப் பற்றி முதன்முறையாக முழுவதும் சொன்னேன்.