ஊராட்சி சிமெண்ட் சாலை: எம்-புக் நகல் கேட்ட மனுவுக்கு 'மூன்றாம் நபர்' என்று பதில். அடுத்து என்ன செய்வது?

வடக்குத்தெரு:

வணக்கம். எங்கள் தெருவில் போட்ட சிமெண்ட் சாலை ஒரு மழைக்கே ஓரம் பெயர்ந்து, நடுவில் நீளவாக்கில் வெடித்துவிட்டது. வேலை விவரப் பலகையில் இருப்பது: 15-வது நிதிக்குழு மானியம், 2023-24, நீளம் 120 மீட்டர், அகலம் 3 மீட்டர், மதிப்பீடு ரூ.6.80 லட்சம். தகவல் உரிமைச் சட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு மனு போட்டோம். ஜூன் 3-ல் சேர்ந்ததற்கு ஒப்புகை அட்டை இருக்கிறது. பதிலில் தேதி ஜூலை 11, கைக்கு வந்தது ஜூலை 14. பதில் இப்படி:

1 முதல் 4 வரை (சாலை ஏன் பெயர்ந்தது, யார் பொறுப்பு, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், தரமானதா): 'வினா வடிவில் உள்ளது, பிரிவு 2(எஃப்)-ன்படி தகவல் ஆகாது.'
5 (எம்-புக், அதாவது வேலையின் அளவுகளைப் பதியும் அளவீட்டுப் புத்தகத்தின் நகல்): 'மூன்றாம் நபர் தொடர்பானது, வழங்க இயலாது.'
6 (ஐந்து வருட வவுச்சர்கள் அனைத்தும்): 'அதிக அளவில் உள்ளது, நேரில் பார்வையிடலாம்.'
7 (தீர்மான நகல்): '14 பக்கம், ரூ.28 செலுத்தவும்.'

பணத்தைக் கட்டிவிட்டு மறுபடி புது மனு போடுவதா, மேல்முறையீடு செய்வதா?

மனுக்கட்டு:

ரூ.28 கட்டாதீர்கள். மனு ஜூன் 3-ல் சேர்ந்தது என்றால் 30 நாள் ஜூலை 3-ல் முடிந்தது. அதற்குப் பிறகு தரும் தகவலுக்குக் கட்டணம் கேட்கக் கூடாது, பிரிவு 7(6). ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள், உங்கள் வழக்கே அதில்தான் நிற்கிறது.

வரிசையாகப் பார்ப்போம்.

1-4: இதில் அலுவலகத்தின் பக்கம்தான் நியாயம். கோப்பில் இருப்பதைத்தான் தருவார்கள். கருத்துச் சொல்லவோ காரணம் கண்டுபிடித்து எழுதவோ பொதுத் தகவல் அலுவலருக்குக் கடமை இல்லை. 2011-ல் உச்ச நீதிமன்றம் சி.பி.எஸ்.இ. - ஆதித்யா பந்தோபாத்யாய் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. 'ஏன்', 'யார் பொறுப்பு' என்று ஆரம்பிக்கும் கேள்விகளை எடுத்துவிடுங்கள். மேல்முறையீட்டிலும் இழுக்க வேண்டாம். நல்ல கேள்வியையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

5: இது தவறான மறுப்பு. மூன்றாம் நபர் பற்றிய பிரிவு 11 வருவது, வெளியாள் தொடர்பான அல்லது அவர் கொடுத்த, அவர் ரகசியம் என்று கருதிய தகவலுக்கு. எம்-புக் அலுவலகப் பொறியாளர் தன் கையால் எழுதுவது. ஒப்பந்ததாரர் கொடுத்த தாள் அல்ல. அப்படியே பிரிவு 11 பொருந்தும் என்று வைத்தாலும், ஐந்து நாளுக்குள் அவருக்கு அறிவிப்பு அனுப்பி, பத்து நாள் அவகாசம் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். 'அந்த அறிவிப்பின் நகல் தருக' என்று மேல்முறையீட்டில் ஒரு வரி போடுங்கள். பெரும்பாலும் அறிவிப்பே போயிருக்காது.

6: இதில் பாதித் தவறு உங்களுடையது. ஐந்து வருட வவுச்சர் எதற்கு? 'அதிக அளவு' என்பதற்கு அவர்கள் நம்பும் பிரிவு 7(9) தகவலை மறுக்க உதவாது, தரும் வடிவத்தை மாற்ற மட்டுமே உதவும். அதனால்தான் 'பார்வையிடலாம்' என்கிறார்கள். அதை விட்டுவிடாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் இலவசம்.

எம்புக்:

அண்ணே சொன்னதோடு சேர்த்து, எந்தத் தாளில் என்ன இருக்கும் என்று தெரியாமல் கேட்டால் கிடைத்த நகலும் பயன்படாது.

ஒரு வேலைக்குத் தாள்கள் இந்த வரிசையில் பிறக்கும்: தீர்மானம், மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, ஒப்பந்தம், வேலை உத்தரவு, எம்-புக், பட்டியல் (பில்), வவுச்சர். ஒவ்வொன்றிலும் முந்தையதன் எண் இருக்கும். அதனால் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பட்டியலில் 'எம்-புக் எண் இத்தனை, பக்கம் இத்தனை முதல் இத்தனை வரை' என்று எழுதியிருக்கும். அந்த எண்ணோடு கேட்டால் 'எந்தப் புத்தகம் என்று தெரியவில்லை' என்று நழுவ முடியாது.

எம்-புக்கில் பார்க்க வேண்டியது: நீளம், அகலம், கனம், கன அளவு. உங்கள் சாலைக்கு மதிப்பீட்டில் கான்கிரீட் கனம் 15 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 120 × 3 × 0.15 = 54 கன மீட்டர். உண்மையில் 10 செ.மீ. தான் என்றால் 36. வித்தியாசம் 18 கன மீட்டர். அதற்கும் சேர்த்துப் பணம் போயிருந்தால் தகராறு அங்கே. உங்கள் மதிப்பீட்டில் கனம் எவ்வளவோ அதை வைத்துக் கணக்குப் போடுங்கள், என் 15-ஐ அல்ல.

இன்னொன்று. ஓரத்தில் டேப் வைத்து அளந்துவிட்டு 'சரியாகத்தான் இருக்கிறது' என்று போய்விடாதீர்கள். ஓரத்தில் பலகை அடைப்பு 15 செ.மீ. உயரத்துக்கு நிற்கும், அங்கே கனம் முழுசாக விழும். நடுவில் அடித்தளம் மேடாக இருந்தால் கான்கிரீட் மெலிந்துவிடும். நீளவாக்கில் நடுவில் வெடிப்பு என்கிறீர்களே, மற்ற காரணங்களோடு இதையும் பார்க்க வேண்டும். துளையிட்டு எடுக்கும் கோர் மாதிரிதான் உண்மை சொல்லும். தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 2(ஜே)-யில் வேலையைப் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை இருக்கிறது. பலர் இந்த வரியைப் படிப்பதே இல்லை.

கூடவே 15 செ.மீ. கனசதுரக் கட்டிகளின் (கியூப்) சோதனை அறிக்கையைக் கேளுங்கள். கான்கிரீட் ஊற்றிய நாளிலிருந்து 28 நாள் ஆனபிறகு உடைத்துப் பார்ப்பது. வேலை நடந்த தேதி எம்-புக்கில் இருக்கும், அறிக்கையின் தேதியோடு பொருத்துங்கள். ஊற்றிய பத்தாம் நாளே '28 நாள் பலம்' என்று அறிக்கை இருந்தால் வேறு எதுவும் படிக்க வேண்டியதில்லை.

வடக்குத்தெரு:

ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். எம்-புக்கில் திருத்தம் இருந்தால் எப்படித் தெரியும்? பார்வையிடப் போனால் 'கோப்பு காணவில்லை' என்றால் என்ன செய்வது?

எம்புக்:

எம்-புக் பக்கங்களுக்கு எண் இருக்கும். கிழித்தால் எண் விட்டுப்போகும். தவறாக எழுதினால் அடித்துவிட்டுச் சுருக்கொப்பம் போட வேண்டும், அழிக்கக் கூடாது. வெள்ளை மை தடவி மேலே எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைக் கட்டாயம் நகல் கேளுங்கள். மேலதிகாரி சரிபார்த்த அளவுக்கு எதிரே அவர் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். அது வெறுமையாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மனுக்கட்டு:

'காணவில்லை' என்பது பிரிவு 8, 9 எதிலும் இல்லாத விலக்கு. எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் வந்த நாள், நேரம், யாரைப் பார்த்தீர்கள் (பதவி போதும்) என்று ஒரு கடிதம் எழுதி, தபால் பிரிவில் முத்திரை வாங்கி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

பார்வையிடப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். ஒருவர் பக்கம் புரட்டட்டும், ஒருவர் குறிப்பு எடுக்கட்டும். ஒரு மணி நேரம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். முதலில் வேலைக்கான கோப்பு, பிறகு பட்டியல், பிறகு எம்-புக். ரொக்கப் புத்தகத்தைக் கடைசியாக. வேண்டிய பக்க எண்களை எழுதி, 'இவற்றின் நகல் தருக' என்று அங்கேயே கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

போகும் முன் ஊராட்சிகளின் வரவு செலவைக் காட்டும் அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் மாவட்டம், வட்டாரம், ஊராட்சி, நிதியாண்டு தேர்ந்தெடுத்துச் செலவு விவரத்தைப் பாருங்கள். 15-வது நிதிக்குழுப் பணம் அங்கே பதிவாக வேண்டும். தொகையும் தேதியும் கிடைத்தால் வவுச்சரைக் குறிப்பிட்டுக் கேட்கலாம், ஐந்து வருடக் கட்டு தேவைப்படாது. ஒரு கிளைக் கேள்வி: அந்த மானியத்தில் பெரும்பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்ட 'டைடு' தொகை. சாலை அதிலிருந்து போனதா, கட்டுப்படாத பகுதியிலிருந்தா என்று வவுச்சரைப் பார்த்தால் தெரியும்.

கரைமேடு:

மேல்முறையீடு வேண்டாம், புது மனுவே போதும். மேல்முறையீட்டு அலுவலரும் பக்கத்து அறைதானே?

மனுக்கட்டு:

பக்கத்து அறையாகவே இருக்கட்டும். அந்த அறையைத் தாண்டாமல் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு போக வழியில்லை. இரண்டையும் செய்யலாம்: 5-க்கும் 7-க்கும் முதல் மேல்முறையீடு, 1-4க்குப் பதிலாகத் தாள் பெயர் சொல்லிப் புது மனு. மேல்முறையீட்டுக்கு 30 நாள். பதில் கைக்கு வந்த ஜூலை 14-லிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 13. கெடு முடிந்த ஜூலை 3-லிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 2. வாதத்துக்கே இடம் வைக்காமல் ஆகஸ்ட் 2-க்குள் சேரும்படி அனுப்புங்கள். அவர் 30 நாளில், காரணம் எழுதினால் 45 நாளில், முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆணையத்துக்கு 90 நாள்.

முகவரி எழுதும்போது தனி ஆள் பெயர் வேண்டாம், பதவி மட்டும். யார் பொதுத் தகவல் அலுவலர், யார் மேல்முறையீட்டு அலுவலர் என்று அலுவலகத்தில் பலகை இருக்க வேண்டும். புது மனுவுக்கு ரூ.10 கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். தவறான அலுவலருக்குப் போய்விட்டாலும் 'என்னிடம் இல்லை' என்று திருப்பக் கூடாது, ஐந்து நாளில் உரியவருக்கு மாற்ற வேண்டும், பிரிவு 6(3).

வடக்குத்தெரு:

புது மனுவின் முதல் இரண்டு வரி இப்படி எழுதியிருக்கிறேன், சரியா?

'1. எங்கள் தெரு சாலைக்கான அனைத்து ஆவணங்களும்.
2. ஒப்பந்ததாரரின் விவரங்கள்.'

எம்புக்:

1-ஐ உடையுங்கள்: 'பலகையில் உள்ள வேலைப் பெயர், 2023-24, மதிப்பீடு ரூ.6.80 லட்சம்: (அ) தொழில்நுட்ப அனுமதியுடன் மதிப்பீடு, (ஆ) ஒப்பந்தம், (இ) இறுதிப் பட்டியல், (ஈ) அதில் குறிப்பிட்ட எம்-புக் பக்கங்கள், (உ) கியூப் சோதனை அறிக்கை, ஆகியவற்றின் சான்றிட்ட நகல்.' அதோடு (ஊ) 'சாலையைப் பார்வையிட்டு மாதிரி எடுக்க நாள் குறிக்கவும்.' ஒப்பந்தத்தில் குறைபாட்டைத் திருத்தித் தர வேண்டிய காலமும், பிடித்துவைத்த தொகையும் இருக்கிறதா பாருங்கள். காலம் முடியவில்லை என்றால் சாலையைச் சரிசெய்ய வைக்க அதுவே போதும், ஊழல் என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

மனுக்கட்டு:

2-ஐ எடுத்துவிடுங்கள். 'விவரங்கள்' என்றாலே வங்கிக் கணக்கு, ஆதார் என்று அர்த்தம் பண்ணி, தனிநபர் தகவலை மறுக்க உதவும் 8(1)(ஜே)-யைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் அந்தப் பிரிவு 'தனிநபர் தகவல்' என்று ஒரே வரியாகச் சுருங்கி இன்னும் வசதியாகிவிட்டது. ஒப்பந்தத்திலேயே பெயர் இருக்கும், உங்களுக்கு அது போதும். மனுவின் கடைசியில் ஒரே ஒரு வரி: 'வெளியிட முடியாத பகுதி இருப்பின் பிரிவு 10-ன்படி அதை மட்டும் மறைத்து மீதியைத் தருக.' பொதுநலன் என்று வாதிட 8(2) இன்னும் இருக்கிறது, அதை மேல்முறையீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்குத்தெரு:

இரண்டையும் திருத்திவிட்டேன். மேல்முறையீடு நாளை பதிவுத் தபாலில் போகிறது. கியூப் அறிக்கை வந்ததும் தேதிகளை இங்கே போடுகிறேன்.