புதுப்பிப்பு: அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் நின்றுபோன சில்வியா கார், காரணம் பிடிபட்டது

போன கிழமை எழுதியிருந்தேனே, பழசாக வாங்கிய நிஸான் சில்வியா எஸ்15 கார், அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தவுடன் கரும்புகை கக்கி நின்றுவிடுகிறது என்று, அது சரியாகிவிட்டது. பலர் சொன்ன புது சென்சர் தேவைப்படவில்லை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புவது டர்போ. காலை எடுத்ததும் அதில் மிஞ்சும் அழுத்தக் காற்றைத் திறந்துவிடவென்று முந்தைய உரிமையாளர் பூட்டிய புளோ-ஓஃப் வால்வு, அந்தக் காற்றை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சர் அதை ஏற்கெனவே அளந்துவிட்டதால், காற்று எஞ்சினுக்கு வராமலே அதற்குரிய பெற்றோல் மட்டும் உள்ளே போகிறது. பிளக் நான்கும் அடுப்புக்கரி மாதிரி இருந்தன. அந்தக் காற்று திரும்ப உள்ளேயே போகும்படி வால்வில் இருந்து ஒரு ஹோஸ் எடுத்து சென்சருக்கும் டர்போவுக்கும் நடுவில் பூட்டினோம். ஸ்டார்ட் பண்ணும்போதும் திணறியது, அதற்குக் காரணம் வேறு, டிக்கிக்கு மாற்றிய பற்றரியின் எர்த் வயர் பெயின்டுக்கு மேலேயே இறுக்கப்பட்டிருந்ததால் கரண்ட் சரியாகப் போகவில்லை, வேலை பார்த்துத் தந்த கொக்குவில் அண்ணை பெயின்டைச் சுரண்டிவிட்டுப் பூட்டினார். நேற்று ஆனையிறவு வரை ஓடினேன், ஒருதரமும் நிற்கவில்லை, அவ்வளவு சந்தோசம். கிளச் கொஞ்சம் வழுக்குகிறது, அதை அடுத்த கிழமை கழற்றுவோம்.