மறு: ஸ்விட்ச் லேப் கையேடு, "டைம் சிங்க்"குக்கு ஒத்திசைவு சரிப்படுமா?

அண்ணா, மத்த எல்லாருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் பசங்களுக்கு நெட்வொர்க் லேப் கையேடு தமிழ்ல எழுதிட்டு இருக்கேன்னு சொன்னேன்ல, போர்ட், ட்ரங்க், வீலான் எல்லாத்தையும் அப்படியே தமிழ் எழுத்துல போட்டு தாண்டி வந்துட்டேன். ஸ்விட்சையும் ஸ்விட்ச்னே விட்டாச்சு, அதுக்கு ஆளியா சொடுக்கியான்னு ஆரம்பிச்சா இந்த வருஷம் புத்தகம் வராது. இப்ப மாட்டிக்கிட்டது ஏழாவது பாடம், மேனேஜ்டு ஸ்விட்சுல (கமாண்ட் அடிச்சு அமைக்கிற ஸ்விட்ச்) என்டிபி போட்டு, அதாவது நெட்வொர்க் வழியா சரியான நேரம் வாங்குற முறையை வச்சு, டைம் சிங்க் பண்றது. இதுக்குத்தான் தமிழ்ச் சொல் தேடுறேன். இதை விட்டுட்டுப் போகவும் முடியாது, 2022 ஏப்ரல் 28ல செர்ட்-இன் (மத்திய அரசோட கணினிப் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுலயே என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) இல்லனா என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) டைம் சர்வரோட, அல்லது அதுலேர்ந்து நேரம் வாங்குற சர்வரோட, எல்லா சிஸ்டம் கடிகாரத்தையும் சிங்க் பண்ணி வைக்கணும்னு இருக்கு. பையன் வேலைக்குப் போன முதல் வாரமே கேப்பாங்க.

> நேர ஒத்திசைவு என்று ஏற்கெனவே இருக்கிறதே, அதில் என்ன குறை?

குறைன்னு இல்லண்ணா. ஒத்திசைவுன்னா ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்து சேர்ந்து போறது மாதிரி காதுல விழுது. ஸ்விட்சும் டைம் சர்வரும் அப்படி இல்லையே. சர்வர் அது பாட்டுக்கு இருக்கு, இவன் போய் கேட்டுக் கேட்டு தன் கடிகாரத்தைத் திருத்திக்கிறான். சர்வர் இவனுக்காக ஒரு மில்லி செகண்ட் கூட நகராது. யாரு யாரைப் பாத்து மாத்திக்கிறான்ங்கிறது சொல்லுலயே தெரியணும், ஏன்னா பசங்க குழம்புறது அங்கதான்.

லேப்ல நடந்ததைச் சொல்றேன். எங்க ஸ்விட்சுக்குள்ள கடிகாரத்துக்குன்னு பேட்டரி கிடையாது, கரண்ட் போய் வந்தா அதுக்கு 1993 மார்ச் 1 நள்ளிரவு. லாக்கைப் பாத்துட்டு ஒரு பையன் "சார், நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இந்த போர்ட் டவுன் ஆயிருக்கு சார்"ங்கிறான். சரி, ஷோ கிளாக் அடிடான்னேன், நேரத்துக்கு முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி வந்துச்சு. அந்த நட்சத்திரம் இருந்தா "இந்த நேரத்தை நம்பாதே"ன்னு ஸ்விட்சே ஒத்துக்குதுன்னு அர்த்தம், பாதிப் பேருக்கு அது கண்ணுலயே படல. அப்புறம் என்டிபி சர்வர்னு அடிச்சு ஐபி குடுத்தான், குடுத்த கையோட ஷோ என்டிபி ஸ்டேட்டஸ். சிங்க் ஆகல, ஸ்ட்ரேட்டம் 16. ஸ்ட்ரேட்டம்னா மூலக் கடிகாரத்துலேர்ந்து எத்தனாவது கைன்னு சொல்ற எண், 16ன்னா இன்னும் சேரலன்னு அர்த்தம். உடனே அந்த வரியைத் தூக்கிட்டு மறுபடி அடிச்சான், மறுபடி 16. இப்படி நாலு தடவை. அதுக்கு நேரம் குடுத்தாத்தானே? 64 செகண்டுக்கு ஒரு தடவைதான் கேக்கும், பதில் வந்துச்சான்னு காட்டுற ரீச்ங்கிற நெடுவரிசையில 1, 3, 7, 17, 37ன்னு எட்டடிமான எண்ணா ஏறி, கடைசி எட்டு தடவையும் பதில் வந்திருந்தா 377ல நிக்கும். இவன் அழிச்சு அழிச்சு எழுதுறப்பல்லாம் அது திரும்ப சைபருக்கு வந்துடுது. நான் பக்கத்துல நின்னு வாய் தவறி "டேய் விடுடா, இப்பதான் சுருதி சேருது"ன்னேன். அவனுக்குப் புரிஞ்சுடுச்சு! வீட்ல தங்கச்சி வயலின் கத்துக்குதாம்.

அதுலேர்ந்துதான் இந்த யோசனை. தம்புரா நகராது, பாடுறவனும் வயலின்காரரும்தான் அதுக்குச் சேரணும். ஒரு தடவை சேத்துட்டா முடிஞ்சுதுன்னும் இல்ல, சூடு ஏறுனா தந்தி இறங்கிடும், கச்சேரி நடுவுல மறுபடி முறுக்கணும். ஸ்விட்சுக்குள்ள இருக்க குவார்ட்ஸும் சூட்டுக்குத் தகுந்தா மாதிரிதான் ஓடுது. இன்னும் ஒண்ணு, லினக்ஸ்ல பின்னணியில ஓடுற என்டிபி ப்ரோக்ராமை (டீமன்) எடுத்துக்குங்க, வித்தியாசம் 128 மில்லி செகண்டுக்குள்ள இருந்தா கடிகாரத்தை மெல்ல மெல்ல நகத்தும், செகண்டுக்கு அரை மில்லி செகண்டுக்கு மேல போகாது, அந்தக் கணக்குல ஒரு முழு செகண்ட் நகரணும்னா அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். 128ஐத் தாண்டுனாதான் ஒரே தாவு. 1000 செகண்டுக்கும் மேலன்னா இது என் வேலை இல்லன்னு வெளியே போயிடும். தந்தியை முறுக்குற பிருடையும் அப்படித்தானே, கொஞ்சம்னா விரலால மெல்லத் திருப்புவாங்க, ரொம்ப இறங்கியிருந்தா பலமா ஒரு முறுக்கு.

அதனால "மணி சேர்த்தல்"னு வைக்கலாமா? ஸ்டேட்டஸ்ல "மணி சேர்ந்தது", "மணி சேரவில்லை". மெல்ல நகத்துற ஸ்லூவுக்கு "நகர்த்தல்", ஒரே தாவா தாவுற ஸ்டெப்புக்கு "தாவல்". ஸ்ட்ரேட்டத்துக்கு "படி" போதும், முதல் படி, ரெண்டாம் படி, 16ன்னா படியே இல்ல.

வேற ரெண்டு சொல்லும் யோசிச்சுப் பாத்தேன். "நேர ஒப்பேற்றம்"னு போட்டுப் பாத்தேன், ஸ்டாஃப் ரூம்ல சிரிக்கிறாங்க, ஒப்பேத்துறதுதான் நாம தினம் பண்றதுங்கிறாங்க. "ஒத்துவைத்தல்" இன்னும் மோசம், ஒரு எழுத்து தப்பா அடிச்சா "நேரம் ஒத்திவைக்கப்பட்டது"ன்னு வந்துடும், பையன் பரிட்சையே தள்ளிப்போச்சுன்னு கிளம்பிடுவான்.

* * *

தம்பி, மடல் வாசிச்சன். சுருதிக் கதை நல்லாயிருக்கு, சேர்த்தல் எண்ட வினை எனக்கும் பிடிச்சிருக்கு. "சேரேல்லை" எண்டு சொன்னா யாழ்ப்பாணத்திலயும் உடனே விளங்கும். ஆனா "மணி" வேண்டாம். மணி சேர்த்தல் எண்டா உங்கட பெடியள் காசு சேர்க்கிறது எண்டு பகிடி விடுவாங்கள், எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ. எங்கட பக்கம் எண்டா மணிக்கூடு எண்டே போட்டிடலாம், தமிழ்நாட்டில அந்தச் சொல் ஓடாது. கடிகாரம் ரெண்டு பக்கமும் விளங்கும்.

இன்னொண்டு. நேர வலயத்தையும் இதையும் ஒரே பந்தியில போடாதேங்கோ. என்டிபி கொண்டு வாறது யூடிசி (உலகப் பொது நேரம்) மட்டுந்தான், 5:30 கூட்டுறது ஸ்விட்சில நாங்கள் தனியா அடிக்கிற வரி. 1996இல இலங்கை நேரத்தை முதல்ல 6:30, பிறகு 6:00 எண்டு மாத்தினவை, 2006 ஏப்ரலிலதான் திரும்ப 5:30க்கு வந்தது. அந்த நாளையில வன்னியில பழைய நேரம், கொழும்பில புது நேரம். பஸ் எத்தினை மணிக்கு எண்டு கேட்டா, எந்த நேரம் எண்டு திருப்பிக் கேப்பினம். ரெண்டு மணிக்கூடும் செக்கன் பிசகாமல் ஓடும், முள்ளு மட்டும் வேற இடத்தில நிக்கும். அது சேராத மணிக்கூடு இல்லை. இந்த வித்தியாசம் பிள்ளையளுக்கு விளங்க வேணும்.

மற்றது, ஃபால்ஸ்டிக்கர், ட்ரூசைமர் எண்ட ரெண்டையும் நீங்கள் தொடவே இல்லை. கன சர்வர் குடுத்தா மற்றதுகளோட ஒத்துவராத ஒண்டை எக்ஸ் போட்டுத் தள்ளி வைக்குமே, அது ஃபால்ஸ்டிக்கர், ஒத்துவாறது ட்ரூசைமர். சங்க இலக்கியத்துக்கு ஓடுறார் எண்டு திட்டாதேங்கோ, முல்லைப்பாட்டில நாழிகை பார்த்து அரசனுக்குச் சொல்லுற ஆக்களுக்கு "பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்" எண்டுதான் பேர். தண்ணி வட்டில் பார்த்து நேரம் சொல்லுறவனிட்ட எதிர்பார்த்த முதல் தகுதியே பொய் சொல்லாமை. நீங்கள் விட்ட "மணி"யை இங்க எடுப்பம். ட்ரூசைமர் மெய்மணி, ஃபால்ஸ்டிக்கர் பொய்மணி. இங்க காசு எண்டு ஒருத்தரும் நினைக்க மாட்டினம்.

* * *

அண்ணா, காசு பகிடி நீங்க சொன்ன மாதிரியே நடந்துச்சு. நேத்து லேப்ல "மணி சேரவில்லை"ன்னு போர்டுல எழுதுனதும் பின்பெஞ்சுல ஒருத்தன் "எங்கப்பாவும் அதான் சார் சொல்றாரு"ங்கிறான். முடிஞ்சுது, மணி போச்சு. "கடிகாரச் சேர்ப்பு"ன்னே வச்சுக்கிறேன், நிலைமை காட்டுற வரியில வெறும் "சேர்ந்தது / சேரவில்லை". ஒத்தியங்கு (சிங்க்ரனஸ்), ஒத்தியங்கா (அசிங்க்ரனஸ்) ங்கிற ஜோடியை டேட்டா கம்யூனிகேஷன் பாடத்துக்கே விட்டுடலாம், அது வேற விஷயம். ஒத்திசைவுன்னு தேடுறவங்களுக்காக சொல்லடைவுல ஒரு வரி, "ஒத்திசைவு: காண்க, சேர்ப்பு".

மெய்மணி, பொய்மணி அருமைண்ணா. நாலு சர்வர் குடுத்து ஒண்ணுல மட்டும் வேணும்னே பத்து நிமிஷம் தள்ளி வச்சு, எது பொய்மணின்னு கண்டுபிடிடான்னு ஒரு பயிற்சியே போட்டுட்டேன். ரெண்டே சர்வர் குடுத்தா எது பொய்னு ஸ்விட்சுக்கும் தெரியாது, அதை அடுத்த கேள்வியா வச்சிருக்கேன்.

ஏழாவது பாடத்தை மாத்தி இன்னைக்கு ராத்திரி அனுப்புறேன். ஜிட்டருக்கு (நேர வித்தியாசம் ஒரே மாதிரி நிக்காம ஏறி இறங்குறது) மட்டும் யாராவது சொல்லுங்க. "நடுக்கம்"னு போட்டேன், ஸ்விட்சுக்குக் காய்ச்சலான்னு கேக்குறாங்க.