டிஸ்சார்ஜ் சம்மரியில் சால்மோனெல்லா: உங்கள் அனுபவம் என்ன?

மழைத்துளி:
வயிற்றுப்போக்கும் விடாத காய்ச்சலுமாகச் சேர்த்த அப்பாவின் ரத்தத்தில் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்திருப்பதாகச் சொன்னவுடன், டைஃபாய்டுதான் என்று வீட்டில் அனைவரும் முடிவுகட்டிவிட்டோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏ02.1 என்ற நோய்க் குறியீடு இருந்தது. காப்பீட்டு அலுவலர் அந்த எண்ணின் கீழ் நீல மையால் கோடிட்டு, "இது டைஃபாய்டு இல்லையே, செப்சிஸ் அல்லவா?" என்று கேட்டார். தொற்றுக்கு உடல் மிகையாக எதிர்வினையாற்றி உறுப்புகளையே பாதிக்கும் ஆபத்தான நிலையாம் அது. அதுவரை அந்தச் சொல்லை எங்களிடம் எவரும் உச்சரிக்கவே இல்லை.

கோப்புக்காரன்:
மருத்துவக் குறியீடு இடுவது என் தொழில். ஐசிடி-10 என்ற பன்னாட்டு நோய்க் குறியீட்டுப் பட்டியலில் டைஃபாய்டும் பாராடைஃபாய்டும் ஏ01. மற்ற சால்மோனெல்லா தொற்றுகள் ஏ02. குடலோடு நின்றால் ஏ02.0, செப்சிஸ் ஆனால் ஏ02.1, எலும்பு, மூட்டு, மூளையுறை என ஓரிடத்தைப் பிடித்தால் ஏ02.2. ஒரு கோப்பில் மருத்துவர் வெறுமனே 'சால்மோனெல்லா தொற்று' என்று எழுதியிருந்தார். பின்னால் இணைத்திருந்த ஆய்வக அறிக்கையிலோ டைஃபி (டைஃபாய்டு தரும் வகை) என்று தெளிவாக இருந்தது. விளக்கம் கேட்டு அனுப்பினேன். "இரண்டும் ஒன்றுதானே" என்று பென்சிலில் கிறுக்கித் திருப்பி அனுப்பினார்கள்.

தாழ்வாரம்:
அந்த மருத்துவரை அவ்வளவு எளிதாகக் குறை சொல்லிவிட முடியாது. டைஃபியும், குடலழற்சி தரும் டைஃபிமூரியமும் சால்மோனெல்லா என்டரிகா என்ற ஒரே இனத்தின் செரோவகைகள்தாம் (மேற்பரப்புப் பொருள்களை வைத்துப் பிரித்த உள்வகைகள்). இத்தகைய வகைகள் 2,500க்கும் மேல் உள்ளன. ஆனால் டைஃபி மனிதரிடம் மட்டுமே வாழ்வது, டைஃபிமூரியமோ விலங்குகளிடமிருந்தும் வருவது. நோயின் போக்கும் வேறு என்பதால் பட்டியல் பிரித்து வைத்திருக்கிறது.

அரிவாள் செல் சோகை (சிவப்பணுக்கள் வளைந்து அடிக்கடி வலி தரும் பரம்பரை ரத்த நோய்) உள்ள என் மகனுக்குக் காலில் வலி வந்தபோது, வழக்கமான வலிதான் என்றார்கள். எலும்பிலிருந்து எடுத்த சீழில் சால்மோனெல்லா வளர்ந்தது. அவனுக்கு வயிற்றுப்போக்கே இருந்ததில்லை.

கேட்காமலே சொல்கிறேன்: ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் வைடல் பரிசோதனையை மட்டும் நம்பி டைஃபாய்டு என்று முடிவு செய்யாதீர்கள், ஏனெனில் பழைய தொற்றும் தடுப்பூசியும்கூட அதில் நேர்மறை காட்டக்கூடும். இயன்றவரை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்த கல்ச்சருக்கு (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். மற்றபடி நலமாக உள்ளவருக்குக் குடலோடு நிற்கும் தொற்று என்றால் பெரும்பாலும் நீரிழப்பை ஈடுசெய்தாலே போதும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமி மலத்தில் வெளியேறும் காலம் நீளவும் கூடும். கைக்குழந்தைகள், முதியோர், நோயெதிர்ப்பு குன்றியோர் ஆகியோருக்கு இது பொருந்தாது.

கோப்புக்காரன்:
தாழ்வாரம், ஏ02.2 மட்டும் இருந்தால் பாதிப்பு எலும்பிலா மூட்டிலா என்று விளங்காது, எலும்பழற்சிக்கு எம்90.2 என்ற குறியீடும் உடன் வர வேண்டும். மகனின் சம்மரியில் அது இருக்கிறதா?