மத்தியான வெயிலில் படம் எடுக்கலாமா, கூடாதா?

பரந்தன்_பொடியன்
போன கிழமை முரசுமோட்டையில் பெரியம்மா தார் ரோட்டில் நெல் காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டு நின்றா. நேரம் பதினொன்றரை இருக்கும். கையில் இருந்தது ஒருவர் பாவித்து விற்ற கமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும்தான். இருபது படம் எடுத்தேன், இருபதிலும் வானம் நல்ல நீலம், பெரியம்மாவின் முகம் மட்டும் கறுப்பு. தலையில் போட்டிருந்த துண்டின் நிழலுக்குள் கண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆட்டோவில்தான் எடுத்தேன். எங்கே பிழை விட்டேன்?

குளக்கட்டு_விடியல்
தம்பி, பிழை கமராவில் இல்லை, நேரத்தில்தான். பதினொன்றரைக்கு வெயில் உச்சியில் நிற்கும், கண்குழியும் மூக்கின் கீழும் கறுக்கத்தான் செய்யும். நான் இரணைமடுக் குளக்கட்டில் எடுத்த படங்களில் எனக்குப் பிடித்த எல்லாமே விடிந்து அரை மணித்தியாலத்துக்குள் எடுத்தவை. சூரியன் தாழ நிற்கும்போது வெளிச்சம் நேராகக் கண்ணுக்குள் போகும், பக்கவாட்டில் விழுவதால் நெல்லில் கால் இழுத்த ஒவ்வொரு வரியும் தனித்தனியாகத் தெரியும். எட்டரைக்குப் பிறகு நான் கமராவைப் பைக்குள் வைத்துவிடுவேன். நீரும் அப்படிப் பழகும்.

கிரவல்_ரோட்டு
அண்ணை, ஆறரைக்கு அந்த ரோட்டில் என்ன இருக்கும் சொல்லுங்கோ? படங்கு மூடிய நெல்குவியல் இருக்கும். பனி உலர்ந்து ரோடு சுட்ட பிறகுதான் நெல்லையே பரப்புவார்கள். வெயில் ஏற ஏறத்தானே காயவைக்கும் வேலை நடக்கும், அந்த நேரம் கமராவைப் பைக்குள் வைத்தால் வன்னியின் பாதி வாழ்க்கை படத்தில் வரவே வராது.

இன்னொன்று, விடிந்ததும் சூரியன் தாழ நிற்கும்போது வரும் பொன்வெளிச்சம் ஒரு மணித்தியாலம் நிற்கும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. நாங்கள் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது பாகைக்குச் சற்று வடக்கே. இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும், மணிக்குப் பதினைந்து பாகை அளவில். ஆறு பாகை உயரம் வரைதான் பொன்வெளிச்சம் என்று எடுத்தால், அது இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த இருபத்தைந்து நிமிடத்தை நம்பியா முழு நாளையும் விடுவது?

தம்பிக்கு நேரான பதில்: கமராவுக்குப் பெரியம்மா யார், வானம் எது என்று தெரியாது. முன்னால் இருப்பதெல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் நிறமாக வரவேண்டும் என்றுதான் அது கணக்குப் போடும். படத்தில் பாதி வெளிச்ச வானம், மீதி வெயிலில் மின்னும் நெல். அதனால் எல்லாவற்றையும் இருட்டாக்கி வைத்தது, முகமும் சேர்ந்து போனது. வெளிச்ச அளவை ஸ்பொட் மீற்றரிங்கில், அதாவது ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் முறையில், போட்டுக் கன்னத்தில் எடும். இல்லாவிட்டால் எக்ஸ்போஷரை, அதாவது கமரா வாங்கும் வெளிச்சத்தை, +1-க்குக் கூட்டும், அது இரண்டு மடங்கு. போன் என்றால் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் போதும்.

அப்புறம் நிற்கும் இடம். வெயில் பெரியம்மாவின் முதுகில் விழவேண்டும், முகம் நெல்லைப் பார்க்கவேண்டும். காய்கிற நெல் மஞ்சள் பாய் விரித்த மாதிரிக் கீழேயிருந்து வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும். ஸ்டூடியோவில் காசு கொடுத்து வாங்கும் ரிஃப்ளெக்டர் செய்கிற அதே வேலைதான், இங்கே ரோட்டு நீளத்துக்கு விரித்தே கிடக்கிறது.

குளக்கட்டு_விடியல்
+1 போட்டால் வானம் வெள்ளையாகிவிடும், தலையில் கிடக்கும் வெள்ளைத் துண்டும் எரிந்துபோகும். எரிந்த இடத்தில் பிறகு எடுக்க ஒன்றுமே இருக்காது, நெய்த நூல்கூடத் தெரியாது. முகத்துக்காக மற்ற எல்லாவற்றையும் பலி கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

முள்ளியவளை_ஸ்டூடியோ
நான் கலியாண வீடு எடுக்கிறவள். முகூர்த்தம் பதினொன்றுக்கு என்றால் பொம்பிளை மாப்பிள்ளையை விடிய ஆறு மணிக்கு வரச்சொல்ல ஏலுமா? அதனால் இந்த விஷயத்தில் நான் கிரவல் தம்பி பக்கம். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது, திருப்பி அடிக்கும் வெளிச்சம் தன் நிறத்தையும் கொண்டு வரும். செம்மண் கிரவலில் ஆளை நிற்பாட்டினால் நாடிக்குக் கீழே செம்மஞ்சளாக ஏறும், புல்லில் என்றால் பச்சை. வைட் பலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே வர நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) ஆட்டோவில் விடாமல், ஆள் நிற்கும் அதே இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துச் சரிசெய்யுங்கோ.

பிளாஷ் பற்றியும் கேட்பீர்கள். கமராவின் தலையில் நிமிர்கிற சின்ன பிளாஷ் நடுவெயிலுக்குக் காணாது. அதைப் போட்டால் ஷட்டர் வேகத்தை 1/200 செக்கனுக்கு மேல் கூட்ட விடாது, அதனால் அப்பச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, எஃப் 11 அளவுக்கு மூடவேண்டும், அந்த அளவில் ஒரு மீற்றருக்கு அங்கால் வெளிச்சம் எட்டாது. வேப்பமர நிழலின் ஓரம் அதைவிட மேல். நிழலின் நடுவில் நிற்பாட்டாதீர்கள், ஓரத்தில் முகம் வெளியைப் பார்க்க நிற்பாட்டுங்கோ.

தயவு செய்து முகத்தை வெள்ளையாக்காதீர்கள். போன வருஷம் அச்சிடக் கொடுத்த ஓரிடத்தில் என்னைக் கேட்காமலே ஒரு பொம்பிளையின் முகத்தை வெளுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை அல்பத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இது நான் இல்லை அக்கா" என்று சொன்னது. நான் முழுக்கத் திரும்ப அடித்துக் கொடுத்தேன். முகம் தெரியவேண்டும் என்பது வேறு, நிறத்தை மாற்றுவது வேறு.

ரோ_மட்டும்
ஏன் இவ்வளவு சண்டை? ரோவில் எடுங்கள், கமரா பிடித்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு அது. வழக்கமான ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிதான், 14 பிட் ரோவில் 16,384. வானம் எரியாமல் இருட்டாகவே எடுத்துவிட்டு வீட்டில் நிழலைத் தூக்குங்கள், இரண்டு பேருடைய பிரச்சினையும் தீரும்.

கிரவல்_ரோட்டு
ஓம், ரோவில் எடுப்பது நல்லது, துண்டின் வெள்ளை கொஞ்சம் கூடினாலும் இழுத்துக் கொண்டு வரலாம். ஆனால் இருட்டில் கிடந்த முகத்தை மூன்று ஸ்டொப், அதாவது எட்டு மடங்கு, தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? குருணையாக வரும், தோல் சேறு பூசின மாதிரி இருக்கும். கண்ணுக்குள் விழாத வெளிச்சத்தை எந்த மென்பொருளும் கொண்டுவந்து வைக்காது. முதலில் ஆளைத் திருப்பி நிற்பாட்டவேண்டும், ரோவெல்லாம் அதற்குப் பிறகு.

குளக்கட்டு_விடியல்
சித்திரை வருஷப்பிறப்பை ஒட்டி எங்கட தலைக்கு நேர் மேலே சூரியன் வரும், நிழல் காலடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்போது ஆளை எந்தப் பக்கம் திருப்புவீர்?

கிரவல்_ரோட்டு
அந்த நேரத்தில் முகத்தை விட்டுவிடுவேன் அண்ணை. கையையும் காலையும் மேலேயிருந்து எடுப்பேன். மற்ற மாதங்களில் திருப்ப இடம் இருக்கிறது.

பரந்தன்_பொடியன்
ஞாயிறு திரும்பப் போனேன், அதே ரோடு, அதே நேரம். வெயில் முதுகில் விழுகிற மாதிரிப் பெரியம்மாவுக்கு முன்னால் போய், மதகின் மேல் ஏறி நின்று கீழ்நோக்கி எடுத்தேன். வானம் படத்திலேயே இல்லை. வெட்டவெயிலுக்கு ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100, அப்பச்சர் எஃப் 5.6, ஷட்டர் 1/800 சரியாக இருந்தது. முகத்துக்காக ஷட்டரை 1/250-க்கு இறக்கினேன். பக்கத்து வயலில் வெட்டு மெசின் ஓடிக்கொண்டிருந்தது, அந்தத் தூசுக்குப் பயந்து லென்ஸைக் கழற்றவே இல்லை.

பெரியம்மாவின் கன்னத்தில் ஒரு மஞ்சள் வெளிச்சம் ஏறியிருக்கிறது. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் இரண்டு கண்ணுக்குள்ளும் கீழ்ப்பாதியில் மெல்லிய பொன்கோடு, அது ரோட்டில் கிடந்த நெல். துண்டின் வலப்பக்கம் எரிந்துவிட்டது, ரோவில் இழுத்தும் முழுக்க வரவில்லை.

குளக்கட்டு_விடியல்
பார்த்தேன். துண்டு எரிந்தது எரிந்ததுதான், அதை நான் விடமாட்டேன். கண் நன்றாக வந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு விடிய வாரும், படங்கு இழுக்கும்போது ஈர நெல்லில் ஆவி எழும்பும், அதை நாங்கள் தாழ்ந்த வெயிலுக்கு எதிரே நின்று எடுப்போம்.

பரந்தன்_பொடியன்
பெரியம்மாவைக் கேட்டேன் அண்ணை. அவ படங்கு இழுக்கிறது எட்டு மணிக்குப் பிறகாம். உங்களுக்காக ஒரு மூலையை மட்டும் ஆறரைக்குத் திறந்து விடுகிறாவாம்.