200எல்எக்ஸ்-ல் ரீசார்ஜ் செல் போட்டால் சி டிரைவ் போயிடுமா? இந்தக் கதையை யார் கிளப்பினது?

#1 ஹார்னெட்
ஹெச்பி 200எல்எக்ஸ், அதாங்க ரெண்டு ஏஏ செல்லில் ஓடுற சட்டைப்பைக் கணினி, அதைப் பத்தி நேத்து வேற ஒரு இழையில் லோட்டஸ்கணக்கர் எழுதினது இது: "ஹெச்பி 200எல்எக்ஸ்-ல் ரீசார்ஜ் செல் போடவே கூடாது. ஆல்கலைன் மட்டும்தான். மீறினா ஒருநாள் சி டிரைவ் மொத்தமும் காலி." அதைப் படிச்சுட்டு புதுசா மெஷின் வாங்கின ரெண்டு பேர் எனக்குத் தனியா எழுதிக் கேட்கிறாங்க, பயந்துபோய். அதனாலதான் தனி இழை.

என்கிட்ட ரெண்டு 200எல்எக்ஸ் இருக்கு, ஒண்ணு 2 எம்பி, ஒண்ணு 4 எம்பி. 2007-லிருந்து ரெண்டிலும் நிக்கல் மெட்டல் (நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு) ரீசார்ஜ் செல்தான். ஒரு ஃபைல் போனதில்லை. செட்டப்பில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்க ஒரு இடம் இருக்கு. அதை மாத்தாம செல்லை மட்டும் மாத்தினவங்கதான் இந்த மாதிரிக் கதை சொல்வாங்க. ஆல்கலைன் ஒண்ணு 1.5 வோல்ட், ரீசார்ஜ் செல் ஒண்ணு 1.2. ரெண்டு செல்லுக்கு 3 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 2.4 வருது. எந்தச் செல் உள்ளே இருக்குன்னு நீங்க சொல்லாம மெஷினுக்கு எப்படித் தெரியும்?

லோட்டஸ்கணக்கர் சாருக்கு ஒரே கேள்வி. உங்க சி டிரைவ் போன அன்னைக்கு செட்டப்பில் என்ன வகை வெச்சிருந்தீங்க?

#2 லோட்டஸ்கணக்கர்
என் பேரை இழுத்து இழை தொடங்கினதால் பதில் சொல்றேன்.

நான் தணிக்கை வேலை செய்தவன். 1996-லிருந்து இந்த மெஷின் என் சட்டைப்பையில். போனது லோட்டஸ் 1-2-3 என்கிற கணக்குப் போடும் புரோகிராம் இல்லை, அதில் போட்டு ராமில் சேமிச்ச கணக்கு. வித்தியாசம் தெரியும்தானே? லோட்டஸின் 2.4 பதிப்பு ரோமில், அதாவது அழியாத நினைவகத்தில் இருக்கு, அது போகாது. என் கட்சிக்காரர்களோட (வாடிக்கையாளர்களோட) கணக்கு சி டிரைவில் இருந்தது, சி டிரைவ் என்பது ராம் டிஸ்க், மின்சாரம் நின்றால் அழிஞ்சுடும். 2009-ல் மதுரை போற ரயிலில் மெஷினைத் திறந்தேன், வெறும் திரை. ரீசார்ஜ் செல் போட்டு மூணாவது வாரம். அதுக்கு முன்னாடி 13 வருஷம் ஆல்கலைன் போட்டேன், ஒரு எழுத்து போகலை.

நீங்க சொல்ற அந்த மெனுவில் நிக்காட் (நிக்கல் காட்மியம், பழைய வகை ரீசார்ஜ் செல்) என்று இருக்கு. நிக்கல் மெட்டல் என்று எங்கே இருக்கு? காட்டுங்க.

#3 ஹார்னெட்
கேட்டது அது இல்லையே. செட்டப்பில் என்ன வெச்சிருந்தீங்க?

மெனுவில் நிக்காட்னு இருக்கக் காரணம், மெஷின் 1994-ல் வந்தது. அன்னைக்குக் கடையில் அதிகமாக் கிடைச்சது நிக்காட். நிக்கல் மெட்டலும் அதே 1.2 வோல்ட். நிக்காட்னு வெச்சா போதும். இதை எத்தனை தடவை எழுதுறது?

#4 லோட்டஸ்கணக்கர்
"போதும்" என்று நீங்க சொல்றீங்க. செய்தவன் மெனுவில் எழுதினது நிக்காட். ரெண்டும் ஒண்ணு என்றால் ரெண்டு பேர் எதுக்கு?

#5 புதுசாவந்தவன்
அண்ணன்களே, ஒரு சந்தேகம். செல் போட்டு "மூணாவது வாரம்"னா தினம் எத்தனை மணி நேரம் ஓட்டுற கணக்கு? நான் தினம் 3 மணி நேரம் டைப் அடிப்பேன், எனக்கு ரெண்டு ஏஏ செல் எத்தனை நாள் வரும்?

#6 கீல்வைத்தியர்
ரெண்டு பேரும் ஒரு விஷயத்தைத் தொடவே இல்லை. பேக்கப் செல். உள்ளே ஒரு சிஆர்2032 இருக்கு, 3 வோல்ட் லித்தியம். ஏஏ செல் தீர்ந்தாலும், கழட்டி மாத்தும்போதும் ராமைத் தாங்கிப் பிடிக்கிறது அதுதான். ஏஏ செல் தீர்ந்து சி டிரைவ் போச்சுன்னா பேக்கப் செல் முன்னாடியே செத்துப்போச்சுன்னு அர்த்தம். என்கிட்ட ரிப்பேருக்கு வர்ற மெஷினில் பாதிக்கு மேல அந்தச் செல்லை வாங்கின நாளிலிருந்து மாத்தினதே இருக்காது.

நான் வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு மாத்திடுவேன், தேதி மறக்காது. மாத்தும்போது ஏஏ ரெண்டும் நல்லா இருக்கணும். ஏஏ-யையும் பேக்கப்பையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்தா அவ்வளவுதான்.

#7 ஹார்னெட்
வைத்தியர் சொன்னது சரி, ஆனா அது இரண்டாவது விஷயம். முதல் விஷயம் செட்டப். ஆல்கலைனோட வோல்டேஜ் மெதுவா சரிவில் இறங்கும். நிக்கல் மெட்டல் அப்படி இல்லை, கடைசி வரைக்கும் மட்டமாப் போய் திடீர்னு பள்ளத்தில் விழும். அதனால எச்சரிக்கைக்கும் அணைஞ்சு போறதுக்கும் நடுவில் இருக்கிற நேரம் குறைவு. இது தெரிஞ்சவன் எச்சரிக்கை வந்ததும் செல்லை மாத்துவான். கணக்கர் சாருக்கு எச்சரிக்கை வந்ததா இல்லையா? வந்தப்போ என்ன செஞ்சார்? சொல்லமாட்டேங்கிறார்.

#8 லோட்டஸ்கணக்கர்
பேக்கப் செல் மாத்தி ரெண்டு வருஷம்கூட ஆகலை. அதைப் பேசி திசை திருப்பாதீங்க. 13 வருஷம் ஆல்கலைனில் போகாத சி டிரைவ், மூணு வாரம் ரீசார்ஜ் செல்லில் போச்சு. என் கண்ணால் பார்த்தது. வோல்டேஜ் பாடம் எடுத்தால் போன கணக்கு திரும்பி வருமா?

#9 சயான்ரசிகை
இதுக்குத்தான் நான் சயான் 3ஏ-ங்கிற இன்னொரு கையடக்கக் கணினியோட நிக்கிறேன். அதுவும் ரெண்டு ஏஏ செல், அதுவும் 1993-லிருந்து உழைக்குது. விசைப்பலகையில் விரல் வெச்சா எழுதணும்னு தோணும். உங்க ஹெச்பி-யில் எழுதுறது கால்குலேட்டரைத் தட்டுற மாதிரி இருக்கு.

#10 ஹார்னெட்
இது 200எல்எக்ஸ் இழை. ஆனாலும் வந்துட்டீங்க, பதில் சொல்றேன். உங்க சயானில் டாஸ் (பழைய மேசைக் கணினிகளோட இயங்குதளம்) ஓடுமா? ஓடாது. என்கிட்ட இருக்கிறது 640க்கு 200 சிஜிஏ திரை, எம்எஸ்-டாஸ் 5.0, 80186 கட்டளைகள் ஓடுற ஹார்னெட் சிப், 7.91 மெகாஹெர்ட்ஸ். 1980-களில் மேசைக் கணினிக்கு எழுதின புரோகிராமை அப்படியே மெமரி கார்டில் போட்டு ஓட்டுறேன். சயானுக்கு யாராவது சயானுக்குன்னே எழுதினாத்தான் உண்டு. கால்குலேட்டர்னு சொன்னீங்களே, ஆமாம், ஆர்பிஎன் (எண்களை முதலில் அடிச்சு, கூட்டல் கழித்தல் குறியைக் கடைசியில் அடிக்கிற முறை) கால்குலேட்டரும் இதில் இருக்கு. அது குறையா?

#11 சயான்ரசிகை
டாஸ் ஓடி என்ன பண்ண, ராத்திரியில் திரை தெரியாதே? பேக்லைட் எங்கே?

#12 ஹார்னெட்
3ஏ-யில் பேக்லைட் இருக்கா? இல்லை. அப்புறம் ஏன் கேட்கிறீங்க? கீல் உடைஞ்ச சயான் எத்தனை பார்த்திருக்கேன் தெரியுமா?

#13 லோட்டஸ்கணக்கர்
கீலைப் பத்தி நீங்க பேசாதீங்க. 2017-ல் நீங்க எனக்கு வித்த 200எல்எக்ஸ்-ல் கீல் பக்கம் விரிசல் இருந்தது. போட்டோவில் அந்தப் பக்கத்தை மட்டும் காட்டலை. நான் மறக்கலை.

#14 ஹார்னெட்
விரிசல் இருக்குன்னு போனில் சொன்னேன். அதுக்காகத்தான் விலையைக் குறைச்சேன். இந்த மெஷின் எல்லாத்துக்குமே கீல் பக்கம்தான் முதலில் விடும், அது எல்லாருக்கும் தெரிஞ்ச குறை. ஏழெட்டு வருஷம் கழிச்சு பேட்டரி இழையில் கொண்டுவந்து கொட்டுறீங்க. ஏன்னா செட்டப் கேள்விக்கு உங்ககிட்ட பதில் இல்லை.

#15 லோட்டஸ்கணக்கர்
போனில் சொல்லலை.

#16 கீல்வைத்தியர்
அந்த மெஷின் என்கிட்டதான் வந்தது. எபாக்ஸி பசை வெச்சு ஒட்டி, மேலே மெல்லிய தகடு கொடுத்து அனுப்பினேன். விரிசல் புதுசும் இல்லை, ரொம்பப் பழசும் இல்லை. அதுக்கு மேல சொல்லமாட்டேன், ரெண்டு பேரும் என் வாடிக்கை.

செல்லுக்கு வர்றேன். ரிப்பேருக்கு வர்ற மெஷினில் நான் அதிகமாப் பார்க்கிறது ரீசார்ஜ் செல் கெடுத்தது இல்லை, ஆல்கலைன் ஒழுகினது. உள்ளே இருந்து கசியறது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். ஸ்பிரிங்கில் பச்சையும் வெள்ளையுமாப் பூத்திருக்கும். பஞ்சுக்குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைச்சு, பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைச்சா பல நேரம் பிழைக்கும். போர்டில் இருக்கிற செம்புத் தடத்தைத் தின்னுட்டா பிழைக்காது. ஆறு மாசம் தொடமாட்டேன்னா செல்லைக் கழட்டி வெச்சுடுங்க, எந்தச் செல்லா இருந்தாலும்.

#17 ஹார்னெட்
பார்த்தீங்களா. ஒழுகுறது ஆல்கலைன். இதுக்கு என்ன சொல்றீங்க சார்?

#18 லோட்டஸ்கணக்கர்
மலிவுச் செல் வாங்கினா ஒழுகும். 13 வருஷத்தில் எனக்கு ஒண்ணுகூட ஒழுகலை. மாசம் ஒருமுறை கழட்டிப் பார்ப்பேன்.

#19 ஹார்னெட்
மாசாமாசம் கழட்டிப் பார்க்கிற மனுஷனுக்கு பேக்கப் செல்லை ரெண்டு வருஷம் மாத்தத் தோணலை. சரி. ரீசார்ஜ் செல்லிலும் எல்லாம் ஒண்ணு இல்லை, இதைப் புதுசா வர்றவங்க கவனிக்கணும். பழைய நிக்கல் மெட்டல் சும்மா வெச்சாலே சார்ஜ் இறங்கிடும். 2005 கடைசியில் சான்யோ எனலூப்னு ஒரு வகை கொண்டுவந்தான், வருஷக்கணக்கில் சார்ஜ் தாங்குறது. அதுக்கு அப்புறம் இந்த மெஷினுக்கு அதைவிடப் பொருத்தமான செல் கிடையாது. நான் 2007-ல் மாறினது அதனாலதான். கணக்கர் சார் போட்டது எந்த வகைன்னு அதையும் சொல்லலை. கேள்வி ரெண்டாச்சு: எந்தச் செல், செட்டப்பில் என்ன.

இன்னொண்ணு. வேற கணினியோட இணைக்கிற சீரியல் கேபிளைச் சொருகி வெச்சாலும், கார்டில் ஓயாம எழுதினாலும் செல் சீக்கிரம் இறங்கும். அந்த மூணு வாரத்தில் என்ன ஓட்டினாருன்னு யாருக்குத் தெரியும்?

#20 லோட்டஸ்கணக்கர்
மெனுவில் இருக்கிறது நிக்காட். நிக்கல் மெட்டல் இல்லை. நீங்க எத்தனை பத்தி எழுதினாலும் அந்த மெனு மாறப்போறதில்லை.

#21 கீல்வைத்தியர்
உள்ளேயே சார்ஜ் ஏத்துறதைப் பொறுத்தவரை கணக்கர் சொல்றதில் ஒரு நியாயம் இருக்கு. அடாப்டர் சொருகி செல்லை உள்ளேயே ஏத்துற வசதி நிக்காட் காலத்துக் கணக்கு. இன்னைக்கு வர்ற 2000 எம்ஏஎச் கொள்ளளவு உள்ள செல்லுக்கு அது பத்தாது. நான் செல்லை வெளியே எடுத்து நல்ல சார்ஜரில் ஏத்தித்தான் போடுவேன். உள்ளே சார்ஜ் ஏத்துறதை அணைச்சே வெச்சுடுங்க. அதை ஆன் பண்ணி வெச்சுட்டு மறதியா ஆல்கலைன் போட்டு அடாப்டரில் சொருகினா, ஆல்கலைனுக்கு சார்ஜ் ஏத்துற ஆபத்து. ஒழுகிப்போன மெஷின் சிலது அப்படித்தான் என்கிட்ட வந்தது.

#22 ஹார்னெட்
நியாயமும் இல்லை ஒண்ணும் இல்லை. அவர் சொன்னது "ரீசார்ஜ் செல் போடவே கூடாது, சி டிரைவ் போயிடும்". நீங்க சொல்றது எங்கே வெச்சு சார்ஜ் ஏத்துறதுன்னு. ரெண்டும் வேற. நானும் வெளியேதான் ஏத்துறேன்.

#23 புதுசாவந்தவன்
தினம் 3 மணி நேரம்னா எத்தனை நாள் வரும்னு யாராவது சொல்லுங்களேன். அப்புறம், எல்லாத்தையும் கார்டில் வெச்சுட்டா இந்தப் பயமே இல்லையே? அடாப்டரில் காம்பாக்ட் ஃபிளாஷ் மெமரி கார்டு போட்டேன், ஏ டிரைவா வந்தது.

#24 ஹார்னெட்
தம்பி, அது சரியான வழி. டாஸ் 5-க்கு எஃப்ஏடி16 (கார்டில் ஃபைல்களை அடுக்குற முறை) வரைக்கும்தான் தெரியும், ஒரு பகுதி 2 ஜிபி-க்கு மேல போகாது, சின்னக் கார்டே வாங்கு. அன்னன்னைக்கு எழுதினதை சி-யிலிருந்து ஏ-க்கு ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையா எழுதி வெச்ச ஃபைல்) போட்டு நகல் எடு. கட்சிக்காரர் கணக்கை ராமில் மட்டும் வெச்சுக்கிட்டு ரயில் ஏறினது யார் தப்பு? செல்லோட தப்பா?

#25 லோட்டஸ்கணக்கர்
மூணு பேரோட மூணு வருஷக் கணக்கை மறுபடி வவுச்சர் வவுச்சரா உட்கார்ந்து போட்டேன், 47 நாள். யார் தப்புன்னு உங்ககிட்ட கேட்கலை. புதுசா வர்றவங்களுக்கு அந்த 47 நாள் வரக்கூடாதுன்னுதான் எழுதினேன். ஆல்கலைன் போடுங்க என்று சொன்னதுக்கு இத்தனை பேச்சு.

#26 ஹார்னெட்
47 நாள் கஷ்டம்தான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா காரணத்தைத் தப்பாச் சொல்லிப் பயமுறுத்தினா ஊரெல்லாம் ஆல்கலைன் போட்டு, ஒழுகி, மெஷின் சாகும். 1999-லேயே ஹெச்பி-காரன் இந்த மெஷினைச் செய்றதை நிறுத்திட்டான். இனி ஒரு மெஷின்கூடப் புதுசா வராது. என் 4 எம்பி மெஷினுக்கு அடியில் சிங்கப்பூரில் செய்ததுன்னு போட்டிருக்கு. அது போனா அதே மாதிரி இன்னொண்ணு தேடி நான் எங்கே போவேன்? அதனாலதான் விடமாட்டேங்கிறேன்.

அஞ்சாவது தடவையாக் கேட்கிறேன். செட்டப்பில் என்ன இருந்தது?

#27 லோட்டஸ்கணக்கர்
ஆல்கலைன் என்றுதான் இருந்தது! மெனுவில் நிக்கல் மெட்டல் இல்லாதபோது வேறு எதை வைக்க? நிக்காட் செல் இல்லாதவன் நிக்காட் என்று ஏன் வைக்கணும்?

#28 ஹார்னெட்
இதைத்தானே முதல் பதிவிலிருந்து சொல்றேன்.

#29 லோட்டஸ்கணக்கர்
நீங்க சொன்னது வேற. மெனுவில் இல்லாத செல்லைப் போடக்கூடாது என்பதுதான் நான் சொன்னது. இப்பவும் அதான் சொல்றேன். விரிசலுக்கு இன்னும் பதில் வரலை.

#30 சயான்ரசிகை
3ஏ-யோட கீல் ஒண்ணு வேணும், வைத்தியர்கிட்ட இருக்கா?

#31 ஹார்னெட்
இது 200எல்எக்ஸ் இழை.

விரிசல் இருக்குன்னு போனில் சொன்னேன் சார். பணம் அனுப்பறதுக்கு முந்தின நாள் ராத்திரி, ரெண்டு தடவை. செட்டப்பை நிக்காட்னு மாத்தி, நல்ல செல் ரெண்டு போட்டு, புது சிஆர்2032-ஓட மூணு வாரம் ஓட்டிப் பாருங்க. செல்லை நானே அனுப்பறேன்.

#32 லோட்டஸ்கணக்கர்
உங்க செல் எனக்கு வேண்டாம்.