‘தாத்தா பாஸ்டு அவுட்’

அருண்: தாத்தா பாஸ்டு அவுட். அம்மா டாக்டருடன் பேசிக்கொண்டிருக்கிறார். பிறகு அழைக்கிறேன்.

கமலா: ஐயோ, அப்பா!

மீனா: நேற்று இரவுகூட என்னிடம் பேசினாரே.

ரவி: எத்தனை மணிக்கு? டிக்கெட் பார்க்கிறேன்.

அருண்: எல்லோரும் ஏன் அழுகிறீர்கள்? மயங்கி விழுந்தார். இப்போது உட்கார்ந்திருக்கிறார்.

கமலா: பிறகு ஏன் பாஸ்டு என்று எழுதினாய்?

சாமிநாதன்: பையன் எழுதியதில் பிழையில்லை. பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது. பாஸ் அவே என்றால்தான் காலமாவது. பின்னால் வரும் குட்டிச் சொல்லை விட்டுவிட்டு முதல் சொல்லை மட்டும் பார்த்தால் இப்படித்தான் பதறுவோம். இன்னொன்று: செயப்படுபொருள் வந்தால் பொருளே வேறு. ‘பாஸ் அவுட் தி பேப்பர்ஸ்’ என்றால் தாள்களை எல்லோருக்கும் கொடு. பேப்பர்ஸ் என்பதற்குப் பதில் ‘தெம்’ வந்தால் அது நடுவில் போய் உட்காரும்: ‘பாஸ் தெம் அவுட்’. ராணுவத்தில் பயிற்சி முடித்து வெளியேறுவதற்கும் இதே சொல்தான்.

ரவி: அத்தான், டிக்கெட் எடுக்கவா, வேண்டாமா?

செல்வி: சட்டென்று எழுந்ததில் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டதாம். இப்போது கண்ணாடி எங்கே என்று கேட்கிறார். நெற்றியில்தான் இருக்கிறது.

கமலா: அம்மா விழுந்தபோதும் எனக்குக் கடைசியில்தான் சொன்னீர்கள்.

செல்வி: அக்கா, அதை இப்போது எடுக்காதே.

மீனா: மாமா, என் விண்ணப்பத்தில் ‘பாஸ்டு அவுட் இன் 2023’ என்று எழுதியிருக்கிறேனே?

சாமிநாதன்: மாற்றிவிடு அம்மா. இந்தியாவில் படிப்பு முடித்தாய் என்று புரிந்துகொள்வார்கள். வெளிநாட்டில் அதை வாசிப்பவர் 2023-இல் மயங்கி விழுந்தாய் என்று நினைக்கக்கூடும். ‘கிராஜுவேட்டட்’ என்று எழுது.

மீனா: நேற்றே அனுப்பிவிட்டேன்.

கமலா: இனிமேல் உடல்நிலையைப் பற்றித் தமிழிலேயே எழுதுங்கள்.

அருண்: ‘தாத்தா போய்விட்டார்’ என்று எழுதினால் மட்டும் என்ன நினைத்திருப்பீர்கள், பெரியம்மா?

சாமிநாதன்: நன்றாகக் கேட்டாய். ஊருக்குப் போனாலும் அதுதான், உயிர் போனாலும் அதுதான். அதனால்தான் வாசலில் நின்று ‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போய்வருகிறேன்’ என்கிறோம்.

ரவி: டிக்கெட்?

செல்வி: யாரும் வரவேண்டாம் என்கிறார் அப்பா. ரவி எப்போது வருவான் என்றும் கேட்கிறார்.

ரவி: சனிக்கிழமை பார்க்கிறேன்.

கமலா: பார்க்கிறேன் என்றால் வருகிறாயா?